உங்கள் குரல் ஏன் பிந்தி வருகிறது?

கடந்த ஜூன் பள்ளி விடுமுறையில் என் பாட்டிக்காக ஒரு சிறுகதைத் தொகுப்பை வாசித்துப் பதிவு செய்யத் தொடங்கினேன். பாட்டி தேக்கா சந்தைக்கு அருகே வீவக வீட்டில் இருக்கிறார். ஒரு காலத்தில் நூலகத்திலிருந்து வாரத்துக்கு மூன்று புத்தகங்கள் எடுத்து வருவார். இப்போது பார்வை மங்கி, அட்டையில் உள்ள பெரிய எழுத்துகூடத் தெரிவதில்லை. "பிள்ளைங்களுக்கெல்லாம் பாடம் நடத்துறியே, எனக்கும் கொஞ்சம் படிச்சுப் பதிஞ்சு குடேன்" என்று கேட்டார்.

ஒரு மைக், ஒரு ஹெட்ஃபோன், பழைய மடிக்கணினி. இரண்டு மாலைப் பொழுதுகளில் இருபது நிமிடம் பதிவானது. பாட்டி ஐந்து நிமிடம் கேட்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "ஏன் கண்ணு, தூக்கத்துல படிக்கிற மாதிரி இழுத்து இழுத்துப் படிக்கிற? வகுப்புலயும் இப்படித்தான் பேசுவியா?"

எனக்கு ஒலிப்புத்தகம் வாசிக்கும் குரல் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டில் பதிவு செய்து பார்க்கும் பலரும் இந்த இடத்தில்தான் மைக்கை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். மறுநாள் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு அதே பக்கத்தை வாசித்தேன். குரல் இயல்பாக இருந்தது. அதே அறை, அதே மைக், அதே கதை. மாறியது ஹெட்ஃபோன் மட்டும். ஒரே ஒரு மாறியை மாற்றிப் பார்க்கும் நியாயமான சோதனை என்று உயர்நிலை ஒன்றிலேயே நாம் படிப்பது இதைத்தான்.

அப்படியென்றால் ஹெட்ஃபோனே வேண்டாமா? வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல், பக்கம் புரளும் ஓசை, விடியற்காலையில் ஜன்னலுக்கு வெளியே கூவும் குயில், 'ப' சொல்லும்போது மைக்கில் மோதும் காற்று ஆகியவற்றை உடனுக்குடன் பிடிக்க ஹெட்ஃபோன் உதவுகிறது. அதை எப்படி அணிவது, அதற்குள் எந்த வழியாக ஒலியை அனுப்புவது என்பதில்தான் அறிவியல் இருக்கிறது.

உங்கள் குரல் உங்களுக்கு இரு வழிகளில் வருகிறது

நீங்கள் பேசும்போது குரல் வாயிலிருந்து காற்று வழியாகக் காதுக்கு வருகிறது. வாய்க்கும் காதுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. சிங்கப்பூரின் 30 டிகிரி செல்சியஸ் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். அதாவது ஒரு மில்லிவிநாடியில் 35 சென்டிமீட்டர். ஆகவே உங்கள் குரல் அரை மில்லிவிநாடியில் உங்கள் காதை அடைந்துவிடுகிறது.

இரண்டாவது வழி எலும்பு. குரல்நாண்களின் அதிர்வு தாடை, மண்டை எலும்புகள் வழியாக நேராக உட்செவிக்குச் செல்கிறது. இந்த வழியில் கீழ் அதிர்வெண்கள் நன்றாகக் கடந்து வருவதால் நம் குரல் நமக்குக் கனமாகக் கேட்கிறது. பதிவில் காற்று வழி மட்டுமே இருப்பதால் 'இது என் குரலா?' என்று முதல் தடவை எல்லாரும் திகைக்கிறோம்.

செய்து பார்க்கலாம்: வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று சீராக முனகுங்கள். இப்போது இரு காதுகளையும் விரலால் அடையுங்கள். முனகல் திடீரென்று பெரிதாகிறது அல்லவா? எலும்பின் அதிர்வு காதுக்குழாயின் சுவரையும் அதிரச் செய்கிறது. காது திறந்திருந்தால் அந்த ஒலியில் பெரும்பகுதி வெளியே போய்விடும். அடைத்தால் உள்ளேயே தங்கும். காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோனும் இதையேதான் செய்கிறது. பீப்பாய்க்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

எலும்பு வழியை எந்தக் கருவியாலும் நிறுத்த முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோனில் வரும் குரல், ஏற்கெனவே எலும்பு வழியே வந்து சேர்ந்துவிட்ட குரலோடு எப்போதும் மோத வேண்டியிருக்கிறது.

தாமதம் எங்கே பிறக்கிறது?

மைக் தரும் மின்குறியைக் கணினி அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. விநாடிக்கு 44,100 தடவை அதை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதிக்கொள்கிறது. இந்த அளவுகளுக்கு மாதிரிகள் என்று பெயர். ஒவ்வொரு மாதிரிக்கும் ஓடிவர மற்ற வேலைகள் கணினியை விடாது. கிணற்றடியில் குடம் நிரம்பிய பிறகு தூக்குவதுபோல, ஒரு தொகுதி சேர்ந்த பிறகு மொத்தமாக எடுத்துக்கொள்ளும். அந்தக் குடத்துக்கு பஃபர் என்று பெயர். பதிவுச் செயலிகளில் அதன் அளவு 128, 256, 512, 1024 என்று இருக்கும்.

கணக்கு எளிது. 1024 மாதிரிகள் நிரம்ப ஆகும் நேரம் 1024 ÷ 44,100, அதாவது 23 மில்லிவிநாடி. உள்ளே வர ஒரு குடம், ஹெட்ஃபோனுக்குத் திரும்பிப் போக ஒரு குடம். ஆக மொத்தம் குறைந்தது 46 மில்லிவிநாடி. 512 என்றால் 23. 256 என்றால் ஏறத்தாழ 12. 128 என்றால் ஏறத்தாழ 6.

46 மில்லிவிநாடி சிறிய நேரம்போலத் தோன்றலாம். அதைத் தூரமாக மாற்றிப் பாருங்கள். 46 × 35 சென்டிமீட்டர் என்றால் 16 மீட்டர். உங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே, நடைவழியின் மறுகோடியில் நின்று வேறொருவர் உங்கள் குரலில் உங்களைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டே வருவது போன்றது அது.

புளூடூத் ஹெட்ஃபோனில் நிலைமை இன்னும் மோசம். ஒலியைச் சுருக்கி, பொட்டலங்களாக அனுப்பி, மறுபக்கத்தில் விரிப்பதற்குப் பெரும்பாலும் 100 முதல் 250 மில்லிவிநாடி வரை கூடுதலாக ஆகிறது. பாட்டு கேட்கும்போது இது தெரியாது; பாட்டு முழுவதும் ஒரே அளவு பிந்துகிறது. படம் பார்க்கும்போது செயலி படத்தையும் சேர்த்துப் பிந்த வைத்துவிடும். ஆனால் உங்கள் வாயைப் பிந்த வைக்க எந்தச் செயலியாலும் முடியாது.

தாமதம் நாக்கை என்ன செய்கிறது?

சில மில்லிவிநாடி தாமதம் இருந்தால் எதிரொலி கேட்காது. குரலின் நிறம் மாறும். 5 மில்லிவிநாடி பிந்தும் குரலை எடுத்துக்கொள்வோம். 100 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்கு 10 மில்லிவிநாடி. 5 என்பது அதில் சரிபாதி. எலும்பு வழியில் முகடு வரும்போது ஹெட்ஃபோனில் பள்ளம் வருகிறது; இரண்டும் ஒன்றையொன்று தேய்த்துவிடும். 300, 500 ஹெர்ட்ஸிலும் இதே கதை. மாறாக 200, 400 ஹெர்ட்ஸில் முகடும் முகடும் சேர்ந்து ஒலி பெருகும். அலைகளின் குறுக்கீடு என்று பாடத்தில் படித்தது உங்கள் தலைக்குள்ளேயே நடக்கிறது. குழாய்க்குள் பேசுவதுபோல் குரல் உள்ளீடற்று ஒலிக்கும்.

தாமதம் 30, 50 என்று ஏறும்போது இரண்டாவது குரல் தனியாகப் பிரிந்து கேட்கத் தொடங்கும். 200 மில்லிவிநாடியை நெருங்கும்போது பேச்சே தடுமாறும். அமெரிக்காவின் பெர்னார்ட் லீ 1950இல் இதை ஆய்வேட்டில் பதிவு செய்தார். ஒலிநாடாக் கருவியில் பதிவுசெய்யும் தலைக்கும் ஒலிக்கச்செய்யும் தலைக்கும் இடையே நாடா நகர வேண்டும். அந்த இடைவெளியால் பிந்திய தம் குரலைக் கேட்டவர்கள் திக்கினார்கள், வேகம் குறைந்தார்கள், குரலை உயர்த்தினார்கள். ஏன் 200? இயல்பான பேச்சில் ஓர் அசைக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ அவ்வளவுதான். நீங்கள் அடுத்த அசையைத் தொடங்கும்போது முந்தைய அசை காதில் விழுகிறது. 'நான் எந்த அசையில் இருக்கிறேன்?' என்று மூளை குழம்புகிறது.

ஜப்பானிய ஆய்வாளர்கள் குரிஹாரா, சுகாதா இருவரும் இதே விதியைக் கொண்டு, எதிரே பேசுபவரை நிறுத்தவைக்கும் கருவி ஒன்றைச் செய்தார்கள். பேசுபவரின் குரலைச் சற்றுப் பிந்தி அவருக்கே திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபெல் பரிசு 2012இல் அதற்குக் கிடைத்தது. இதில் வியப்பான மறுபக்கமும் உண்டு. திக்கிப் பேசுவோரில் சிலருக்கு, பிந்தி வரும் தம் குரலைக் கேட்கும்போது திக்கல் குறைகிறது.

தமிழ் வாசிப்பவருக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. தாமதம் உயிரொலிகளை இழுக்கவைக்கும். நம் மொழியிலோ உயிரொலியின் நீளம்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. விடு, வீடு, கல், கால், படம், பாடம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஒரு மாத்திரை என்பது கண்ணிமைக்கும் அல்லது விரல் நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. இவ்வளவு சிறிய அளவில் நாம் சொற்களைப் பிரித்து அறிகிறோம். அந்த அளவையே குலைக்கும் தாமதத்தை ஹெட்ஃபோன் கொண்டுவந்து சேர்த்தால் என்ன ஆகும்? என் முதல் பதிவை மறுபடி கேட்டேன். 'விடு' என்ற சொல் பாதி 'வீடு' ஆகியிருந்தது. பாட்டி சொன்ன 'இழுத்து இழுத்து' என்பது துல்லியமான அறிவியல் கவனிப்பு.

உங்கள் தாமதத்தை அளந்து பாருங்கள்

இதற்குத் தனிக் கருவி தேவையில்லை.

முதலில், நீங்கள் பேசுவது ஹெட்ஃபோனில் உடனே கேட்கும்படி பதிவுச் செயலியில் அமையுங்கள். ஹெட்ஃபோனின் ஒலியளவை நன்றாகக் குறையுங்கள். இல்லையென்றால் கீச்சென்று ஊளையிடும்.

இரண்டாவதாக, ஹெட்ஃபோனின் ஒரு காதுப் பக்கத்தை மைக்கின் முன்னே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் பிடியுங்கள். பதிவைத் தொடங்கிப் பேனாவால் மேசையை ஒரே ஒருமுறை தட்டுங்கள்.

மூன்றாவதாக, திரையில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உயரமான முகடு நீங்கள் தட்டியது. அடுத்து வரும் சிறிய முகடு ஹெட்ஃபோனிலிருந்து திரும்பி வந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரமே உங்கள் தாமதம்.

எனக்கு 52 மில்லிவிநாடி வந்தது. பஃபர் 1024இல் இருந்தது. நாம் கணக்கிட்ட 46 போக மீதி, மின்குறியை எண்ணாகவும் எண்ணை மறுபடி மின்குறியாகவும் மாற்றும் சில்லுகளும் யுஎஸ்பி இணைப்பும் எடுத்துக்கொண்டது. கணக்கும் அளவீடும் இவ்வளவு அருகில் வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. குறை குரலில் இல்லை என்பதற்கு இப்போது கையில் ஓர் எண் இருந்தது.

தீர்வுகள்

முதல் தீர்வு, கணினிக்குள் போகாத வழி. மைக்கைக் கணினியுடன் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிகளிலும் ஹெட்ஃபோன் துளை உள்ள யுஎஸ்பி மைக்குகளிலும் 'டைரக்ட் மானிட்டர்' என்ற பொத்தானோ திருகோ பெரும்பாலும் இருக்கும். அதை இயக்கினால் மைக்கின் ஒலி பெட்டிக்குள்ளேயே பிரிந்து ஒரு கிளை ஹெட்ஃபோனுக்கும் மறு கிளை கணினிக்கும் போகும். ஹெட்ஃபோனுக்குப் போகும் கிளை பஃபருக்காகக் காத்திருப்பதில்லை. தாமதம் காதுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும்.

இதை இயக்கியதும் செயலியில் உள்ள 'மானிட்டர்' அமைப்பை மறக்காமல் அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால் உடனடிக் குரல் ஒன்றும் பிந்திய குரல் ஒன்றுமாக இரண்டு கேட்கும். எதிரொலிக்கிறது என்று குறைபடுவோரில் பலருக்கு இதுதான் காரணம்.

அந்தப் பொத்தான் உங்கள் கருவியில் இல்லையா? பஃபரை 128க்குக் குறைத்துப் பாருங்கள். மிகவும் குறைத்தால் கணினி ஈடுகொடுக்க முடியாமல் பதிவில் 'டிக் டிக்' என்று வெட்டு விழும். அப்போது ஒரு படி ஏற்றுங்கள். புளூடூத்தை விட்டுவிட்டுக் கம்பியுள்ள ஹெட்ஃபோனுக்கு மாறுங்கள். விலை உயர்ந்தது தேவையில்லை.

எதுவும் ஒத்துவராவிட்டால் குரலைக் கேட்காமலேயே வாசியுங்கள். முதலில் ஒரு நிமிடம் சோதனைப் பதிவு. அதை ஹெட்ஃபோனில் கவனமாகக் கேட்டு இரைச்சலையும் ஒலியளவையும் சரிசெய்யுங்கள். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஒரு பத்தியை வாசியுங்கள். மறுபடி அணிந்து கேளுங்கள். இது மெதுவான வழிதான். ஆனால் வெள்ளி ஒன்றுகூடச் செலவில்லை.

பதிவிலா, ஹெட்ஃபோனிலா?

வேறு கோளாறு எது வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'பதிவை மறுபடி ஓடவிட்டால் அந்தக் கோளாறு இருக்கிறதா?' இல்லையென்றால் கோளாறு நீங்கள் கேட்கும் வழியில். இருந்தால் மைக், கம்பி, அறை என்று தேடுங்கள்.

ஒரு காதில் மட்டும் குரல்: ஒரே மைக்கை இடப்பக்கத் தடமாகச் செயலி எடுத்துக்கொண்டிருக்கலாம். தடத்தை 'மோனோ'வுக்கு மாற்றினால் இரு காதிலும் வரும்.

ஓயாத 'ம்ம்' இரைச்சல்: சிங்கப்பூர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்கம்பியிலிருந்து கசியும் இரைச்சல் 50, 100 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். மடிக்கணினியின் மின்னூட்டியைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் திருடன் பிடிபட்டான்.

பதிவில் மெலிதாக இன்னொரு குரல்: ஹெட்ஃபோனிலிருந்து கசியும் ஒலியை மைக் மறுபடி பிடிக்கிறது. காதைச் சுற்றி மூடும் வகையைப் பயன்படுத்தி ஒலியளவைக் குறையுங்கள்.

குரல் ஏறி இறங்குகிறது: பாரிஸ் மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911இல் விளக்கிய விளைவு இது. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். தீபாவளிக் கூட்டத்தில் சிராங்கூன் சாலையில் கைப்பேசியில் பேசியவர்களுக்கு இது தெரியும். மாறாக, ஹெட்ஃபோனில் நம் குரல் மிகப் பெரிதாகக் கேட்டால் நாம் அடக்கிப் பேசுகிறோம். அறையில் இயல்பாகப் பேசும்போது எவ்வளவு கேட்குமோ அவ்வளவே ஹெட்ஃபோனிலும் வையுங்கள். ஒரு காதை மட்டும் மூடி மறு காதைத் திறந்து வைப்பது இன்னும் நல்லது. பீப்பாய் உணர்வு குறையும், அறையில் உங்கள் குரலையும் கேட்பீர்கள். திறந்திருக்கும் பக்கத்து ஹெட்ஃபோனைத் தலையோடு ஒட்டி வையுங்கள், இல்லையென்றால் கசியும்.

பதிவிலேயே எதிரொலி: 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் உள்ள பாதுகாப்பு அறை அமைதியானது என்று பலர் அங்கே பதிவு செய்கிறார்கள். கனத்த கான்கிரீட் சுவர் வெளிச்சத்தத்தைத் தடுக்கும், உண்மை. ஆனால் அதே சுவர் உங்கள் குரலையும் உறிஞ்சாமல் திருப்பி அடிக்கும். ஹெட்ஃபோனை மாற்றி இதற்குப் பயனில்லை. போர்வைகள், துணி தொங்கும் தாங்கி, மெத்தை ஆகியவற்றை உங்களைச் சுற்றி வையுங்கள். சுவரில் ஆணி அடிக்காதீர்கள். கதவை முழுதும் அடைத்து நெடுநேரம் இருக்காமல் அவ்வப்போது வெளியே வந்து மூச்சு வாங்குங்கள்.

பாட்டியின் தீர்ப்பு

டைரக்ட் மானிட்டரை இயக்கி, செயலியின் மானிட்டரை அணைத்து, ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு அதே கதையை முதலிலிருந்து வாசித்தேன். முதல் தடவை இருபது நிமிடம் ஆன பகுதி பதினேழு நிமிடத்தில் முடிந்தது. நான் அவசரப்படவில்லை; இழுப்பு போயிருந்தது. பாட்டி கதை முடியும் வரை பேசவில்லை. முடிந்ததும் கேட்டது என் குரலைப் பற்றி அல்ல. "அந்தப் பொண்ணு கடைசியில ஊருக்குப் போனாளா, இல்லையா?" என்று கேட்டார். அடுத்த கதையில் அதற்குப் பதில் இருக்கிறது என்றேன்.

சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டான 2015இல் நம் எழுத்தாளர்களின் 350 தமிழ் நூல்கள் மின்வடிவம் பெற்றுத் தேசிய நூலக வாரியத்தின் சேகரிப்பில் சேர்ந்தன. அவை கண்ணுள்ளவர்களுக்குத் திறந்த கதவு. கண் மங்கியவர்களுக்கு ஒரு குரல் வேண்டும். வீட்டுக்குள் ஒருவருக்கு வாசித்துக் காட்டுவதைத் தாண்டி வெளியிட நினைத்தால் எழுத்தாளரிடமோ உரிமை உள்ளவரிடமோ அனுமதி வாங்கிவிடுங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படிக் காத்திருக்கும் ஒருவர் இருக்கலாம். இந்த வார இறுதியில் மைக்கை எடுங்கள். குரல் பிடிக்கவில்லை என்று முடிவு செய்யும் முன்னால், பேனாவால் மேசையை ஒரு தட்டுத் தட்டி எத்தனை மில்லிவிநாடி என்று அளந்து பாருங்கள்.